பாத்துப் பண்ணுங்க

எங்க இஞ்சினியர் வாயில மூணுங்கிற எண் மட்டும் வரவே வராது. ஒண்ணு வரும், ரெண்டு வரும். மூணு வர்ற இடத்துல அவருக்கு இருமல் வந்துடும். காலைல போன் பண்ணி, மேலேருந்து லோடைக் குறைக்கச் சொல்லிட்டாங்கம்மா, பாத்துப் பண்ணுங்க அப்படிம்பார், வச்சிடுவார். எதைப் பாக்குறது, எதைப் பண்றதுன்னு திருப்பிக் கேக்கக் கூடாது. கேட்டா நமக்கு விவரம் பத்தலைன்னு அர்த்தம்.

நான் சப்-ஸ்டேஷன்ல ஷிப்ட் ஆபரேட்டர். மொத்த ஊருக்கும் என் பேனல் வழியாத்தான் கரண்ட் போகுது. சொல்லிக்கப் பெருமையாத்தான் இருக்கும், சம்பளத்தைப் பாத்தா பெருமை இறங்கிடும். அங்க எனக்குப் பட்டப்பேரு மிளகா. நேர்ல கூப்பிடத் தைரியம் இல்லாம முதுகுக்குப் பின்னாலதான் கூப்பிடுவாங்க, அதுவும் எனக்குக் கேக்குற மாதிரி.

பேனல்ல மூணு கைப்பிடி. ஒண்ணாவது லைன் பங்களா வீதிக்குப் போகுது. ஆபீசருங்க, டாக்டருங்க, டென்னிஸ் கிளப், இஞ்சினியர் வீடு. அந்த வீதி முடியிற மூலையில எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல குடுத்த குவார்ட்டர்ஸ், அதுல நாங்க. ரெண்டாவது லைன் ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணி நிலையத்துக்கும். அதைத் தொடக் கூடாதுன்னு சட்டம், அந்தச் சட்டத்தோட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. மூணாவது லைன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தகரக் கூரை வீடுங்க, நாலு மாடிக் குடியிருப்பு, லேத் பட்டறை, தையல் கடைங்க. பங்களா வீதிக்குச் சமைக்க, பெருக்க, கார் ஓட்ட, காவல் காக்க வர்றவங்க அத்தனை பேரும் அங்கேருந்துதான் வர்றாங்க.

நாட்டுக்கிட்ட எண்ணெய் வாங்கப் பணம் இல்லையாம். கப்பல் துறைமுகத்துக்கு வெளியில வந்து நிக்குது, காசைக் காட்டு, உள்ள வர்றேன்னு. அதனால மின்வெட்டு. யார் கடன் வாங்கினாங்க, எதுல போட்டாங்க, எங்க போச்சுன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. ஆனா டிவியில நிதி அமைச்சர் வந்தார். இந்தச் சுமையை நாம எல்லாரும் சமமாகத் தாங்குவோம்னு சொன்னார். சமமாகன்னு சொல்லும்போது மேசையில தட்டினார். எங்க வீட்டுக்காரர் சோபாவுல உக்காந்துக்கிட்டு, என்ன பேச்சு பேசறான் பாருன்னு உருகிப் போயிட்டார். மாமனாருக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

சமமான்னா என்ன தெரியுமா? தினம் காலைல மூணாவது லைன். சாயங்காலம் லோடு ஏறினா மறுபடி மூணாவது லைன். ரொம்ப நெருக்கடி வந்தா ஒண்ணாவது லைனைக் கொஞ்ச நேரம் வெட்டலாம், அதுவும் மத்தியானம், அவங்க எல்லாம் ஏசி ஆபீஸ்ல இருக்கும்போது.

இதுல என்ன கொடுமைன்னா, அந்தப் பக்கம் குழாய்த் தண்ணி காலைல மட்டும்தான் வரும். அதுவும் நூல் மாதிரி. மோட்டார் போட்டு இழுத்து மாடித் தொட்டியில ஏத்தினாத்தான் அன்னிக்குப் பொழுது ஓடும். தண்ணி வர்ற நேரத்துல நான் கைப்பிடியைத் திருப்பிடறேன். கரண்ட் திரும்பி வரும்போது குழாய் நின்னு போயிருக்கும். வெளிச்சத்தோட சேத்துத் தண்ணியையும் வெட்டிக்கிட்டிருந்தேன்.

இதை எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னது எங்க நாத்தனார். எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. அவங்க வாழ்க்கைப்பட்டது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். லாட்ஜுங்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்து, இஸ்திரி போட்டுக் குடுக்குற தொழில். அவங்க வீட்டுக்காரர் லாரியில போனா எப்ப வருவார்னு அவருக்கே தெரியாது, அதனால இந்தத் தொழில்தான் சோறு. எனக்கும் அவங்களுக்கும் ஆகவே ஆகாது. என் கல்யாணத்தன்னிக்கே, பொண்ணு கறுப்பா இருந்தாலும் வாய் நல்லா வெளுப்புன்னு நாலு பேர் நடுவுல சொன்னவங்க அவங்க. ஆனா இப்ப ஒரு நாள் ஒரு மூட்டை அழுக்குத் துணியோட எங்க வாசல்ல வந்து நின்னாங்க. குழாய்த் தண்ணி இந்த வீட்ல வருதில்ல, துவைச்சுக்கறேன்னாங்க.

உள்ள வந்தவங்க நேரா என்கிட்ட வந்து, "நீ உன் கையால என் வயித்துல அடிக்கிறது தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டாங்க. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், சண்டையாப் போயிருக்கும், விஷயம் முடிஞ்சிருக்கும். ரெண்டு லாட்ஜு கைவிட்டுப் போச்சாம். மூணாவது லாட்ஜுக்காரன் இந்த வாரம் முழுக்கப் பாப்பேன், அப்புறம் வேற இடம் பாத்துக்குவேன்னு சொல்லிட்டானாம். இருக்கிற அந்த ஒரு லாட்ஜும் போனா, புள்ளைங்க படிப்பை நிறுத்திட்டு வேலைக்கு அனுப்ப வேண்டியதுதான்னாங்க. மேலேருந்து வர்ற உத்தரவு அண்ணி, நான் என்ன பண்ணன்னேன். மேல யாருன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. யாருமே மூணாவது லைனை வெட்டுன்னு சொன்னதில்லையே.

மாமனார் எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். பெத்த பொண்ணு பேசிக்கிட்டிருக்கா. அவர் செய்தித்தாளை மடக்கி வச்சிட்டு, நாடே கஷ்டத்துல இருக்கும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்னார். அனுசரிச்சுப் போ. அண்ணியைக் கல்யாணம் பண்ணி அனுப்பும்போதும் இதைத்தான் சொல்லியிருப்பார், என்னைக் கல்யாணம் பண்ணி அனுப்பும்போது எங்கப்பாவும் இதைத்தான் சொன்னார். இப்ப நிதி அமைச்சரும் அதைத்தான் சொல்றார். ஒரே வார்த்தையை வச்சுக்கிட்டு எத்தனை பேர் காலத்தை ஓட்டறாங்கன்னு நினைச்சேன், பத்திக்கிட்டு வந்தது.

அன்னிக்குச் சாயங்காலம் ஏதோ கோளாறுல எங்க வீதியிலயும் கொஞ்ச நேரம் கரண்ட் போச்சு, அப்ப அடுப்படியில நின்னுக்கிட்டு ஒண்ணு கவனிச்சேன். மின்வெட்டு ஆரம்பிச்ச புதுசுல எங்க வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினோம். வயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் யாரையும் கேக்கவே இல்ல. அவனாவே ஹாலுக்கு இழுத்தான், டிவிக்கு இழுத்தான், மாமனார் ரூமுக்கு இழுத்தான், பையன் படிக்கிற மேசைக்கு இழுத்தான். அடுப்படிக்கு இழுக்கல. நான் கேட்டதுக்கு, அடுப்படியில எதுக்குக்கா, அடுப்பு வெளிச்சமே போதுமேன்னு சிரிச்சான். ஊருக்கே கரண்ட் குடுக்குறவ நான், வாயில டார்ச்சைக் கவ்விக்கிட்டு வெங்காயம் வெட்டிக்கிட்டிருக்கேன். இதுல யாரும் கெட்டவங்க இல்ல. மாமனார் கெட்டவர் இல்ல, எலக்ட்ரீஷியன் நல்ல பையன். யாரும் உக்காந்து யோசிச்சு அடுப்படியை விட்டுடலாம்னு முடிவு பண்ணல. முடிவு பண்ணவே தேவைப்படல, அதான் எனக்குக் கோபம். கஷ்டம் வந்தப்புறம் யாரும் புதுசா ஒரு அநியாயமும் பண்ணல. எந்தப் பக்கம் வெட்டுறதுன்னு எண்ணெய்க் கப்பல் நிக்கிறதுக்கு ரொம்ப முன்னாலயே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஹால்ல டிவி சத்தமா ஓடிக்கிட்டிருந்தது, சமமாகத் தாங்குவோம்னு மறுஒளிபரப்பு.

மறுநாள் காலைல போன் வந்தது. அதே பேச்சு, அதே இருமல்.

"எந்த லைன் சார்?"னு கேட்டேன்.

மறுபடி இருமினார். அப்புறம், என்னம்மா புதுசாக் கேக்குறீங்க, வழக்கம் போல பாத்துப் பண்ணுங்கன்னு வச்சிட்டார்.

சரி, பாத்துப் பண்ணச் சொல்லியிருக்கார். நான் பாத்தேன். நல்லாவே பாத்தேன். மீட்டர்ல ஒண்ணாவது லைன்ல எவ்வளவு ஓடுது, மூணாவது லைன்ல எவ்வளவு ஓடுது. ஒண்ணுலதான் வீட்டுக்கு வீடு ஏசி, ஹீட்டர், கிளப்புல நீச்சல் குளத்து மோட்டார். அங்க எல்லார் வீட்லயும் இன்வெர்ட்டர் இருக்கு, தரைக்கடியில தண்ணித் தொட்டி இருக்கு, ஒரு வேளை வெட்டினா யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது. மூணுல குழாயில தண்ணி வந்துக்கிட்டிருக்கு. மேலேருந்து கேட்ட அளவு குறையணும், அது ஒண்ணாவது லைனை வெட்டினாலே குறையுது. ரப்பர் பாய் மேல ஏறி நின்னேன், ஒண்ணாவது கைப்பிடியைத் திருப்பினேன். வெளியில லைனைத் துண்டிக்கிற பிரேக்கர் டமார்னு விழுந்தது. எங்க பேனல்ல சிவப்பு எரிஞ்சா கரண்ட் இருக்கு, பச்சை எரிஞ்சா இல்ல. பச்சை எரிஞ்சது. எங்க வீடும் அந்தப் பச்சைக்குள்ளதான் இருக்குன்னு தெரிஞ்சுதான் திருப்பினேன்.

போன் அடிச்சது பாருங்க. அடிச்சு அடிச்சுச் சூடாயிடுச்சு. ஒரு அம்மா ஹேர் டிரையர் பாதியில நின்னு போச்சுன்னு அழாத குறை. கிளப்புலேருந்து ஒருத்தர், நான் யார் தெரியுமான்னு கேட்டார். தெரியாது சார், சொன்னாத் தெரிஞ்சுக்கறேன்னேன். வச்சிட்டார்.

அந்த நேரத்துலதான் அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர், அன்னிக்கு முன்னாடியே, உள்ள வந்தார். அவருக்குப் பட்டப்பேரு 'சரிங்க'. யார் என்ன சொன்னாலும் சரிங்க சார், அதைத் தாண்டி அவர் வாயிலேருந்து ஒரு வார்த்தை கேட்டவங்க இல்ல. பேனலைப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடி பேனலைப் பாத்தார். முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அவர் வீடும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான்.

பின்னாலயே இஞ்சினியர் ஜீப்புல வந்து இறங்கினார். சட்டை பட்டன் மாத்திப் போட்டிருக்கார், காதுக்குப் பின்னால சோப்பு நுரை அப்படியே இருக்கு. ஷவர்ல நிக்கும்போது போயிருக்கு போல. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டேன். என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்கன்னார். நீங்க சொன்ன மாதிரிதான் சார் பாத்துப் பண்ணினேன்னேன். உடனே மாத்துங்கன்னார்.

"வாய்விட்டுச் சொல்லுங்க சார். ஒண்ணைப் போடு, மூணை வெட்டுன்னு. இந்த நிமிஷமே செய்யறேன்."

அவரால சொல்ல முடியும். எந்தச் சட்டமும் தடுக்கல. வாயைத் திறந்தார், வாசல்ல நிக்கிற காவலாளியைப் பாத்தார், 'சரிங்க'வைப் பாத்தார், மூடிக்கிட்டார். சொல்லாத வரைக்கும் அது மழை, வெயில் மாதிரி, அதுபாட்டுக்கு நடக்குது. சொல்லிட்டா ஒரு மனுஷன் பண்ணின காரியம் ஆயிடும். கைப்பிடியை அவரே திருப்பலாம், அப்பவும் அவர் திருப்பினதா ஆயிடும். ஏதாவது பண்ணுங்கம்மா, ஏதாவது பண்ணுங்கன்னு கெஞ்சற மாதிரி சொன்னார். நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். வெட்டு நேரம் முழுசா முடிஞ்சப்புறம்தான் ஒண்ணாவது லைனைப் போட்டேன். அதுக்குள்ள தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாடித் தொட்டியெல்லாம் ரொம்பி வழிஞ்சிருக்கு.

மறுநாள் விசாரணைன்னு சாயங்காலமே ஆள் வந்து சொல்லிட்டான். வேலை போகும்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. வீட்டுக்குப் போனா இழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் குவார்ட்டர்ஸ்ல தலை காட்ட முடியலையாம். பக்கத்து வீட்டு ஆபீசர் பாக்காத மாதிரி போனாராம். எங்க வீட்டுக்காரரே ராத்திரிக்குள்ள ஒரு வழி கண்டுபிடிச்சார். விசாரணையில தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, கைப்பிடி மாறிடுச்சு, பதட்டம், உடம்பு சரியில்லன்னு சொல்லு, இஞ்சினியர்கிட்டயும் பேசிட்டேன், அவரும் அதுபோதும்ங்கறார்னார். மாமனாரும், பொம்பளைன்னா இரக்கப்படுவாங்க, கொஞ்சம் கண்ணைக் கசக்கும்மான்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டை எடுத்து வீசியிருப்பேன், கழுவுறதும் நான்தான்னு விட்டேன்.

யோசிச்சுப் பாத்தா, மேல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, பாத்துப் பண்ணுங்க. கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, தெரியாம பண்ணிட்டேன். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் மொத்த நாடும் ஓடிக்கிட்டிருக்கு.

அண்ணி வந்தாங்க. காரியம் நடந்ததுல சந்தோஷப்படுவாங்க, நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன். அவங்க என் பக்கத்துல உக்காந்து, நீ தெரியாம பண்ணிட்டேன்னே சொல்லிடு, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன், ஒரு நாள் தண்ணி குடுத்தியே அதுவே போதும்னாங்க. ஐயோ, அதுதான் என்னைக் கொன்னுடுச்சு. என்னைத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். ஒரு நாள் தண்ணிக்கு ஒருத்தி நன்றி சொல்ற மாதிரி பண்ணி வச்சிருக்கோமேன்னு அழுகையே வந்துடுச்சு. போதும்னு நீங்க சொல்லாதீங்க அண்ணின்னேன். என் கல்யாணத்துல இருந்த வாய் எங்க போச்சுன்னு கேட்டேன். அவங்களும் சிரிச்சிட்டாங்க, நானும் மூக்கைத் துடைச்சுக்கிட்டேன்.

விசாரணை தலைமை ஆபீஸ்ல, கண்ணாடிக் கதவு போட்ட அறையில. விசாரணை அதிகாரி வயசானவர், நல்ல மாதிரிதான் தெரிஞ்சார், தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டார். பக்கத்துல இஞ்சினியர், இன்னிக்குப் பட்டன் எல்லாம் சரியா இருந்தது. எங்க வீட்டுக்காரர் வெளியில பெஞ்சுல. அதிகாரி பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு, பாத்தேன்மா, இத்தனை வருஷ சர்வீஸ்ல உங்க மேல ஒரு புகார் இல்ல, தெரியாம நடந்து போச்சு, அவ்வளவுதானேன்னார். எழுதவே ஆரம்பிச்சிட்டார்.

"இல்ல சார். தெரிஞ்சுதான் பண்ணினேன்."

பேனா நின்னுடுச்சு. இஞ்சினியர் இருமினார்.

"ஒண்ணாவது லைன்ல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், என் வீடே அதுலதான் இருக்கு. மூணாவது லைன்ல யார் இருக்காங்கன்னும் தெரியும். இத்தனை நாளா மூணை வெட்டினேனே, அதுவும் தெரிஞ்சுதான் பண்ணினேன். அத்தனை நாள் அங்க தண்ணி இல்லாமப் போனதுக்கு ஏன் சார் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கல? ஒரு காலை ஹீட்டர் ஓடலைன்னதும் கூப்பிட்டுட்டீங்களே."

அமைச்சர் சமமான்னு சொன்னதை நான் ஒரு நாள் செஞ்சு பாத்தேன், அது தப்புன்னா அமைச்சர் சொன்னது தப்புன்னு எழுதிக்குங்கன்னும் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடி வச்சார். அப்புறம் மெதுவா இஞ்சினியர் பக்கம் திரும்பி, தினமும் மூணாவது லைனைத்தான் வெட்டணும்னு உத்தரவு குடுத்தது யாரு, நீங்களான்னு கேட்டார். சாதாரணமாத்தான் கேட்டார்.

இஞ்சினியருக்கு வேர்த்துடுச்சு. உத்தரவுன்னு ஒண்ணும் இல்ல சார்னார். அப்புறம் எப்படி நடந்ததுன்னு கேட்டார் அதிகாரி.

"அது... தெரியாம நடந்து போச்சு சார்."

எனக்குக் கட்டுப்படல. வாய்விட்டுச் சிரிச்சிட்டேன். அறை முழுக்கக் கேக்குற மாதிரி சிரிச்சேன். என் கோப்புல முதல் குற்றமா எழுதினது அந்தச் சிரிப்பைத்தான்னு அப்புறம் கேள்விப்பட்டேன், விசாரணையில ஒழுங்கீனமா நடந்துக்கிட்டாங்கன்னு. மறு உத்தரவு வர்ற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னாங்க. வேலை திரும்பக் கிடைக்குமா கிடைக்காதான்னு இதைச் சொல்ற நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. வெளியில வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட நடந்ததை அப்படியே சொன்னேன். வீடு போற வரைக்கும் அவர் பேசல. நானும் பேசல, எனக்குப் பசி.

மறுநாள் காலைல நான் ஹால்ல உக்காந்து காபி குடிச்சிக்கிட்டிருந்தேன். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் வேலை நாள்ல உக்காந்து குடிச்ச காபி. கரண்ட் போச்சு. பங்களா வீதி மொத்தமும் அமைதியாயிடுச்சு, ஒவ்வொரு வீடா இன்வெர்ட்டர் கீச்சுகீச்சுன்னு கத்த ஆரம்பிச்சது. மாமனார் குளியலறைலேருந்து, வெந்நீர் பாதியில நின்னு போச்சு, இவளுக்கு என்ன திமிரு, மறுபடியும் வெட்டிட்டாளேன்னு கத்தினார்.

"நான் இங்கதான் மாமா இருக்கேன்"னேன்.

எங்க வீட்டுக்காரர் சவரம் பண்ணிக்கிட்டிருந்த கையோட ஹாலுக்கு வந்து என்னையே பாத்துக்கிட்டு நின்னார். அப்ப அங்க யாரு ஷிப்டுன்னு கேட்டார்.

'சரிங்க'தான்னு சொன்னேன்.